பாண்ட் கார், பேட்மொபைல், டிலோரியன்: இதில் அசல் எது?

"படங்களில் வந்த புகழ்பெற்ற வாகனங்களைச் சேகரிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் ஒரே காருக்கு உள்ளங்கையில் அடங்கும் பொம்மையும் இருக்கிறது, லட்சக்கணக்கான டாலருக்கு விற்கும் முழு அளவு நகலும் இருக்கிறது. எது அசல், எது நகல்? எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கே தொடங்குவது என்பதற்குப் பதில் சுலபம், கடைசியில் சொல்கிறேன். எது அசல் என்பதுதான் வம்பான கேள்வி. பல வருடங்களாக இந்தப் பித்துப் பிடித்து அலைகிறவன் நான். இன்னும் ஒரே வரியில் பதில் சொல்லத் தெரியவில்லை. ஜேம்ஸ் பாண்டின் காரை எடுத்துக்கொண்டால் ஏன் என்று உங்களுக்கே புரியும்.

1964-இல் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் இரண்டு ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 கார்கள் நடித்தன. இயந்திரத் துப்பாக்கி, சுழலும் எண் பலகை, பின்னால் எழும்பும் குண்டு துளைக்காத கவசம் என்று வித்தைகள் எல்லாம் ஒரு காரில். சாலையில் பாய்ந்து போகும் காட்சிகளுக்கு இன்னொரு கார். படம் முடிந்தபின் வித்தைக் கார் நிறுவனத்துக்கே திரும்பியது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கருவிகளையெல்லாம் கழற்றிவிட்டு, சாதாரணப் பழைய காராக விற்றுவிட்டார்கள்! பின்னால் வந்த உரிமையாளர் ஒருவர் அதே மாதிரிக் கருவிகளை மறுபடி செய்து பொருத்தினார். ஆக, உடல் அசல், வித்தை நகல். அந்தக் காரும் 1997-இல் ஃபுளோரிடாவின் போக்கா ராட்டன் விமான நிலையக் கொட்டகையிலிருந்து திருடு போனது. சாலையில் ஓடிய இன்னொரு கார் 2010-இல் லண்டனில் ஏலம் போனது.

இதோடு கதை முடியவில்லை. அடுத்த படமான ‘தண்டர்பால்’ விளம்பரத்துக்காக ஊர் ஊராகக் காட்டுவதற்கென்றே, அதே வித்தைகளோடு மேலும் இரண்டு கார்களைத் தயார் செய்தார்கள். அவற்றில் ஒன்று 2019-இல் ஏலத்தில் போன விலை 63.85 லட்சம் டாலர். அந்தக் கார் திரையில் ஒரு நொடிகூடத் தலைகாட்டியதில்லை. விளம்பரத்துக்குச் செய்த நகல் என்று நீங்கள் சொல்லலாம். ஏலம் எடுத்தவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அடுத்த படி இன்னும் வேடிக்கை. ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனமே, பழைய டிபி5 உருவான அதே நியூபோர்ட் பேக்னல் ஊரில், ‘கோல்ட்ஃபிங்கர்’ காரைப் புதிதாக 25 செய்து விற்றது. 2020-இல் கைக்கு வரத் தொடங்கின. ஒன்றின் விலை 27.5 லட்சம் பவுண்டு, வரி தனி. புகை கக்கும், எண் பலகை சுழலும், துப்பாக்கி பாவனையாகச் சுடும். பொதுச் சாலையில் மட்டும் ஓட்ட அனுமதி இல்லை. அந்த விலைக்கு வாங்கி வீட்டுக்குள் நிறுத்திப் பார்க்கத்தான் முடியும் என்றால், அதைப் பொம்மை என்பதில் என்ன தப்பு? அளவு ஒன்றுக்கு ஒன்று, அவ்வளவுதான்.

இப்போது உண்மையான பொம்மைக்கு வருவோம். எனக்கு மனசுக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனின் கோர்கி நிறுவனம் 1965 அக்டோபரில் 261 என்ற எண்ணில் பாண்ட் காரை வெளியிட்டது. படம் வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. அவசரத்தில் புது வார்ப்பச்சு வெட்ட நேரமில்லை. கையில் ஏற்கெனவே இருந்த டிபி4 பொம்மையின் அச்சை மாற்றித்தான் டிபி5 செய்தார்கள். படத்தில் கார் வெள்ளி நிறம். பொம்மையோ தங்க நிறம்! துத்தநாகக் கலவையில் வார்த்த பொம்மைக்கு வெள்ளி நிறம் பூசினால், வண்ணமே பூசாத வெறும் உலோகம் மாதிரித் தெரியும் என்று பயந்தார்கள். படத்தின் பெயரும் தங்கத்தோடு ஒட்டியதாக இருந்தது வசதியாகப் போயிற்று. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் கூரை திறந்து, பக்கத்து இருக்கையில் இருக்கும் ஆள் எகிறி வெளியே விழுவான். முன்னால் துப்பாக்கிகள் நீளும். பின்னால் கவசம் எழும்பும். கடைகளில் வந்த வேகத்தில் தீர்ந்தது. அந்த ஆண்டின் சிறந்த பொம்மை என்று பிரிட்டன் பொம்மை வியாபாரிகளின் விருதும் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. படத்தில் அந்த வித்தைகள் எல்லாம் படத்தொகுப்பின் தயவில் நடந்தவை. ஒரு காட்சியில் பொத்தான், அடுத்த காட்சியில் கூரை, அதற்கடுத்த காட்சியில் ஆள் பறப்பது. ஒரே காரில், ஒரே கணத்தில், நம் கண்ணெதிரே ஆளைத் தூக்கி எறிந்தது அந்த நாலு அங்குலப் பொம்மைதான். நிறம் தப்பு, உருவம் கொஞ்சம் தப்பு, ஆனால் காரின் குணம் சரி. நான் நகல்களை எடைபோடும்போது முதலில் பார்ப்பது இந்தக் குணத்தைத்தான். பூச்சின் சாயலும் சக்கரத்தின் விட்டமும் அப்புறம்.

பேட்மொபைலுக்கு வருகிறேன். 1966-இன் தொலைக்காட்சித் தொடரிலும் அதே ஆண்டுப் படத்திலும் வந்த கார், முதலில் பேட்மேனுக்காகப் பிறந்ததே இல்லை. 1955-இல் லிங்கன் நிறுவனம் கண்காட்சிக்காகச் செய்த ஃபியூச்சுரா என்ற கார் அது. இத்தாலியின் தூரின் நகரில் கியா பட்டறையில் கையால் கட்டியது. வெளிர் நீலத்தில் பிறந்து, ஒரு காதல் நகைச்சுவைப் படத்தில் சிவப்பு பூசி நடித்து, பிறகு ஜார்ஜ் பேரிஸ் என்ற கார் அலங்காரக் கலைஞரின் முற்றத்தில் சும்மா கிடந்தது. தொடருக்குக் கார் வேண்டும், சில வாரங்கள்தான் அவகாசம் என்றபோது அவர் புதிதாக ஒன்றைக் கட்டவில்லை. கிடந்ததை எடுத்து வால் துடுப்புகளை வௌவால் இறக்கையாக நீட்டி, கறுப்பு பூசி, ஓரங்களில் பளிச்சென்ற சிவப்புக் கோடு இழுத்துக் கொடுத்தார். அந்தக் காரை அவர் 2013-இல் ஏலத்தில் விட்டார். கட்டணத்தோடு 46.2 லட்சம் டாலர்.

தொடர் ஓடிய காலத்திலேயே அந்தக் காரிலிருந்து அச்செடுத்து, கண்காட்சிகளுக்காக மூன்று கண்ணாடியிழை நகல்களும் பேரிஸே செய்தார். அவர் கையால், அந்தக் காலத்திலேயே செய்தவை என்பதால் அவற்றுக்கும் இன்று தனி மதிப்பு. கோர்கியும் 1966-இலேயே பேட்மொபைல் பொம்மையை விட்டது. ராக்கெட் சுடும், மூக்கிலிருந்து சங்கிலி வெட்டும் கத்தி நீளும். கூடவே தரப்பட்ட மஞ்சள் ராக்கெட்டுகளில் முக்கால்வாசி சோபா இடுக்குகளிலேயே போயிருக்கும். இன்று முழுசாக ராக்கெட்டுகளோடு ஒன்று கிடைத்தால், அதன் முதல் உரிமையாளர் மகா சமர்த்துக் குழந்தை என்று அர்த்தம்.

சட்டம் உள்ளே நுழைந்ததும் இந்தக் கார் வழியாகத்தான். கலிஃபோர்னியாவில் மார்க் டோவ்ல் என்பவர் 1966, 1989 பேட்மொபைல்களின் முழு அளவு நகல்களைக் கட்டி, ஒவ்வொன்றும் சுமார் 90,000 டாலருக்கு விற்றார். பேட்மேன் கதைகளின் உரிமையாளரான டிசி காமிக்ஸ் வழக்குப் போட்டது. ‘கார் என்பது பயன்பாட்டுப் பொருள், அதற்குப் பதிப்புரிமை ஏது?’ என்பது அவர் வாதம். 2015-இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. பேட்மொபைல் வெறும் கார் இல்லை, அது ஒரு கதாபாத்திரம் என்றது. எங்கே வந்தாலும் இது அதுதான் என்று அடையாளம் தெரிகிறது, உருவத்தோடு குணமும் இருக்கிறது, தனித்தன்மை இருக்கிறது; ஆகவே அதற்குப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பு. உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாக் கார்களுக்கும் இந்த யோகம் வாய்க்காது. 1974-இலும் 2000-இலும் வந்த கார் திருட்டுப் படங்களில் ‘எலனோர்’ என்ற மஸ்டாங் வருமே, அதை வைத்தும் வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. 2025-இல் அதே நீதிமன்றம் எலனோருக்குக் கதாபாத்திரத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டது. படத்துக்குப் படம் நிறமும் உருவமும் மாறுகிறது, தனக்கென்று குணம் இல்லை, அது ஒரு சாமான்தான் என்ற பார்வை. உங்களுக்கு இதிலிருந்து என்ன என்றால்: முழு அளவு நகலோ, சிறு பட்டறையின் பிசின் வார்ப்போ வாங்கும்போது உரிமம் பெற்றதா என்று கேளுங்கள். உரிமம் இல்லாதது தரத்தில் மட்டம் என்று சொல்ல மாட்டேன். சில நேரம் உரிமம் பெற்றதைவிட நுணுக்கமாகவே இருக்கும். விற்கப் போகும்போதுதான் சிக்கல் தெரியும்.

டிலோரியன் வேறு மாதிரி. அங்கே சட்டத்தைவிட எண்ணிக்கைதான் பிரச்சினை. வட அயர்லாந்தின் டன்மரியில் 1980-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 9,000 டிஎம்சி-12 கார்கள் மட்டும் செய்யப்பட்டன. நிறுவனம் திவாலானது. 1985-இல் ‘பேக் டு த ஃப்யூச்சர்’ வந்திருக்காவிட்டால், துருப்பிடிக்காத எஃகு உடம்பும் இறக்கைக் கதவும் கொண்ட ஒரு தோற்றுப்போன கார் என்று எங்காவது அடிக்குறிப்பில் நின்றிருக்கும். படத்தில் காலம் தாண்ட மணிக்கு 88 மைல் வேகம் வேண்டும். நிஜக் காரின் வேகமானியோ 85-ஓடு முடிந்துவிடும்; அன்றைய அமெரிக்க விதி அப்படி. படத்துக்காக 95 வரை எண் போட்ட முகப்பு செய்தார்கள். நகல் செய்பவர்களின் யோக்கியதையை நான் சோதிப்பது இந்த வேகமானியை வைத்துத்தான். 85-இல் நிற்கிறதா, கடையை விட்டு இறங்கிவிடலாம்.

படத்தில் டிலோரியனைக் கால இயந்திரமாக்க அதன் மேலே ஒட்டிய சாமான்கள் வானத்திலிருந்து விழுந்தவை இல்லை. கலைக்குழு பழைய விமானப் பாகங்களையும் மின்சாதனக் கழிவுகளையும் கடைகளில் பொறுக்கி ஒட்டியது. பின்பக்கத்து அணு உலையின் அடியில் இருப்பது டாட்ஜ் போலாரா காரின் சக்கர மூடி. குப்பையைப் போட்டால் மின்சாரம் தரும் ‘மிஸ்டர் ஃப்யூஷன்’ வேறொன்றும் இல்லை, க்ரப்ஸ் நிறுவனத்தின் காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம்! விளைவு, உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் அந்தப் பழைய அரைவை இயந்திரத்தைத் தேடி ஒரு கூட்டம் அலைகிறது. காப்பி குடிக்காதவர்கள்கூட. துல்லியமான நகல் என்றால், படத்தின் கலைஞர்கள் பொறுக்கிய அதே குப்பையை நாற்பது வருடம் கழித்து நாமும் பொறுக்குவது என்று ஆகிவிட்டது.

இதில் ஒரு தர்மசங்கடமும் உண்டு. ஒவ்வொரு முழு அளவு கால இயந்திரத்துக்கும் ஒரு நிஜ டிலோரியன் துளை போடப்பட்டுப் பலியாகிறது. கார் ரசிகர்களும் பட ரசிகர்களும் இந்த விஷயத்தில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

படத்தின் முக்கியக் கார் வெகுகாலம் ஸ்டூடியோவின் திறந்தவெளியில் வெயிலிலும் மழையிலும் நின்றது. வந்தவர்கள் நினைவுக்கு ஒன்று என்று பாகங்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் அதைச் சீரமைக்க முன்வந்ததும் ரசிகர்கள்தான். படத்தின் இணை எழுத்தாளர் பாப் கேல் துணை நின்றார். நகல் கட்டிக் கட்டிப் பழகியதால் எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது அவர்களுக்குத்தான் அத்துபடியாக இருந்தது. நகல்காரர்கள் காப்பாற்றிக் கொடுத்த அந்த அசல் இப்போது லாஸ் ஏஞ்சலஸில் பீட்டர்சன் வாகன அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

‘ஸ்டார் வார்ஸ்’ விண்கலங்களில் இந்த முடிச்சு இன்னும் இறுகும். 1977 படத்துக்கு மாதிரிகள் செய்தவர்கள், கடையில் விற்கும் பிளாஸ்டிக் டாங்கி, போர்விமானம், போர்க்கப்பல் மாடல் பெட்டிகளை மூட்டை மூட்டையாக வாங்கி, பாகங்களை உடைத்து எடுத்து விண்கலத்தின் மேற்பரப்பில் ஒட்டினார்கள். அந்த நுணுக்கமான கொசகொசப்பு அப்படி வந்ததுதான். ஆகப் பொம்மையிலிருந்து படம், படத்திலிருந்து மறுபடியும் பொம்மை. ‘ஸ்டூடியோ ஸ்கேல்’, அதாவது படத்துக்குச் செய்த மாதிரியின் அதே அளவில், நகல் செய்பவர்கள், எந்த இடத்தில் ஒட்டியது எந்த டாங்கியின் எந்தப் பாகம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அதே பழைய மாடல் பெட்டிகளை ஏலத்தில் எடுக்கிறார்கள். 2023-இல் முதல் படத்தில் பயன்பட்ட எக்ஸ்-விங் என்ற போர் விண்கலத்தின் மாதிரி ஒன்று, மறைந்த மாதிரிக் கலைஞர் கிரெக் ஜீனின் சேகரிப்பிலிருந்து வெளிவந்து 31.35 லட்சம் டாலருக்குப் போனது. மொத்தமும் பிளாஸ்டிக்கும் பசையும்தான்.

கடைப் பொம்மைகளில், ‘ஸ்டார் வார்ஸ்’ பொம்மைகளைச் செய்த அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் எடுத்த ஒரு முடிவு, அதற்குப் பின் வந்த எல்லாவற்றையும் மாற்றியது. அதுவரை வீரர் பொம்மைகள் பெரும்பாலும் எட்டு, பன்னிரண்டு அங்குலம் இருக்கும். அந்த அளவு ஆளுக்கு விண்கலம் செய்தால் அது கட்டில் அளவுக்கு வரும். அதனால் ஆட்களை மூன்றே முக்கால் அங்குலமாகக் குறுக்கினார்கள். வாகனத்துக்காக ஆள் சிறுத்தான்! படத்தில் வரும் லேண்ட்ஸ்பீடர் என்ற வண்டி தரைக்கு மேல் மிதப்பது போலத் தெரிய, மூன்று சக்கரக் காரான பாண்ட் பக்கின் மேல் கூடு கட்டி, சக்கரங்களை மறைக்கப் பக்கவாட்டில் கண்ணாடி வைத்துப் பாடுபட்டார்கள். கென்னர் பொம்மையோ வயிற்றுக்கடியில் வில் வைத்த குட்டிச் சக்கரங்களை ஒளித்து, தள்ளினால் தளும்பித் தளும்பிப் போகும்படி செய்துவிட்டது. படம் பாடுபட்டுக் காட்டியதைப் பொம்மை நிஜமாகவே செய்கிறது; மறுபடி அதே கதைதான், பார்த்தீர்களா?

படத்திலேயே இல்லாத வாகனங்களும் உண்டு. 1980-களில் கென்னர் ‘மினி-ரிக்’ என்று ஒரு வரிசை விட்டது. படத்தின் ஓரத்தில் எங்காவது இருந்திருக்கலாம் என்கிற பாவனையில் செய்த சின்ன வண்டிகள். இவை எதன் நகல்? எதன் நகலும் இல்லை. எனக்கு இவற்றின்மேல் தனிப் பிரியம், விலையும் பெரும்பாலும் அடக்கம்.

லெகோவைப் பற்றி நிறையப் பேர் கேட்பீர்கள். 2017-இன் பெரிய மில்லேனியம் ஃபால்கன் (‘ஸ்டார் வார்ஸ்’ விண்கலம்) 7,541 துண்டுகள், 2022-இன் டிலோரியன் 1,872 துண்டுகள். கட்டும் சுகம் அலாதி. கட்டி முடித்தபின் தூசு தட்டும் வேலையும் அலாதி. முதலீடு என்று பிரிக்காத பெட்டியைப் பூட்டி வைப்பவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? ஒரே ஒரு வாகனத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் ஒன்று என்று போனால் அலமாரி நிறையும், அறிவு நிறையாது. அளவு என்று பார்த்தால் (1:64 என்றால் நிஜக் காரின் நீளத்தில் அறுபத்து நாலில் ஒரு பங்கு), கையில் வைத்து உருட்ட 1:64, அலமாரியில் வரிசையாக நிறுத்த 1:43, கதவையும் எஞ்சினையும் திறந்து பார்க்க 1:18. இடம் குறைவென்றால் 1:43-தான் என் சிபாரிசு. உருவமும் தெரியும், விலையும் வாயைப் பிளக்க வைக்காது.

பழைய பொம்மை வாங்கினால் காரைவிடப் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். அட்டைப்பெட்டி இருந்தால் விலை எகிறும் என்பதால், மறு அச்சடித்த பெட்டிகள் ஏராளம். 1965-ஐச் சேர்ந்தது என்று நான் ஒருவரிடம் வாங்கிய பெட்டியை, வீட்டுக்கு வந்து உருப்பெருக்கியில் பார்த்தேன். அச்சுப் புள்ளிகள் இன்றைய அச்சுப்பொறியின் புள்ளிகள். கார் நிஜம், பெட்டி போன மாசத்துப் பெட்டி. விற்றவருக்குத் தெரிந்திருக்குமா என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஓரங்கள் தேய்ந்து உள்பக்கம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தாலும் உஷாராகுங்கள். படத்தில் பயன்பட்டது என்று யாராவது பெரிய பொருளைக் காட்டினால், சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். கீறல், பூச்சு வழிந்த தடம், மர ரேகை இவற்றைப் படத்தின் சட்டகத்தோடு ஒப்பிட்டுப் பொருத்திக் காட்டியிருக்கிறார்களா, கைமாறிய வரலாறு ஒரு கண்ணியும் விடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெயில் படாத இடத்தில் வையுங்கள். கென்னரின் வெள்ளை எக்ஸ்-விங் வெயில் பட்டால் பழைய பல் மாதிரி மஞ்சளாகும். ரசாயனம் போட்டு வெளுக்கலாம், பெரும்பாலும் திரும்ப மஞ்சளாகும். மென்மையான பழைய டயர்களை பிளாஸ்டிக் மேடை மேல் நேரடியாக வருடக்கணக்கில் நிறுத்தினால், டயரில் இருக்கும் எண்ணெய்ச் சத்து மேடையை உருக்கிக் குழி பறிக்கும். அடியில் மெல்லிய தாள் ஒன்று போதும்.

முதல் பொருள் எது என்று கேட்டால், தங்க நிறக் கோர்கி பாண்ட் கார்தான் என்பேன். கோர்கியே பிற்காலத்தில் மறுவெளியீடு செய்திருக்கிறது, அதில் தொடங்கினாலும் குறையில்லை. 1965-இன் கார்தான் வேண்டுமென்று பெட்டி இல்லாமல் ஒன்றைத் தேடிப் போனால், பூச்சைப் பார்க்கும் முன் பக்கத்து இருக்கையைப் பாருங்கள். பெரும்பாலும் காலியாக இருக்கும். அந்தக் காரை வாங்கிய ஒவ்வொரு குழந்தையும் முதல் நாளே செய்த வேலை அவனைத் தூக்கி எறிந்ததுதான். அது தெரிந்தே கோர்கி பெட்டிக்குள் ஒரு சின்ன உறையில் இன்னொரு ஆளையும் வைத்துக் கொடுத்தது. இருவரில் ஒருவன் மிஞ்சியிருந்தால், கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.